வழுக்கலில் பிறக்கும் சூடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் மேல் கட்டிய டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து கிழக்கு நோக்கி ஏறுகிறது 68-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லாத அகலமான சாலை. 18 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 900 மீட்டர் உயரம் ஏறும், அவ்வளவுதான். நம் ஊர் மலைப்பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மேடாகவே தோன்றாது. ஆனால் அமெரிக்காவில் விற்கும் பிக்கப் வண்டிகளின் இழுவைத் திறனை அளக்கும் உரைகல் இந்தச் சாலைதான். எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்ற தரநிலையின்படி, அடிவாரத்தில் வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏசியை முழுக் குளிரில் வைத்துக்கொண்டு, கம்பெனி சொல்லும் முழு எடையுள்ள ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வண்டிகளுக்கு மட்டும் வேகத்தில் கொஞ்சம் சலுகை. எந்தப் பாகமும் பழுதாகக் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது. இந்த விதிக்கு முதலில் உட்பட்டது டொயோட்டா, 2011 மாடல்களில். அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் 2015 மாடல் வாக்கில்தான் வந்து சேர்ந்தன. அதுவரை இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் போட்ட எண்ணுக்கு அவரவர் வைத்ததே கணக்கு.

மேட்டில் வெயிலையும் ஏசியையும் சேர்த்து வைத்திருப்பதிலிருந்தே ஒன்று புரியும். இந்தச் சோதனை வண்டியின் பலத்தோடு, அது சூட்டைத் தாங்குமா என்பதையும் பார்க்கிறது. ட்ரெய்லர் இழுக்கும் வண்டியில் சூட்டுக்கு முதலில் பலியாகக்கூடியவற்றில் ஒன்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அமெரிக்காவின் முழு அளவு பிக்கப்களில் கிளட்ச் மிதி என்பதே இப்போது கிடையாது. கடைசியாக அதை வைத்திருந்த ராம் ஹெவி டியூட்டியிலும் 2018 மாடலோடு நின்றுவிட்டது. ஆகவே வார இறுதியில் படகையோ வீட்டு வண்டியையோ கொக்கியில் மாட்டிக் கிளம்பும் ஒவ்வொருவரும் கியர்பாக்ஸ் சூட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. அதற்கு அவர்கள் தேடும் தீர்வுதான் பெரும்பாலும் இடம் மாறிப் போகிறது. இன்னும் பெரிய கூலர், இன்னும் விலை கூடிய ஆயில் என்று உண்டான சூட்டை வெளியேற்றும் வழிகளுக்கே பணம் போகிறது. சூடு உண்டாகாமலே பார்த்துக்கொள்ளும் வழி ஓட்டுநரின் காலிலும் கியர் லீவரிலும் இருக்கிறது. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற மூடிய உருண்டைப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. உள்ளே முழுக்க ஆயில். என்ஜின் பக்கத்து இறக்கைகள் அந்த ஆயிலைச் சுழற்றி வீச, கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அந்த வீச்சை வாங்கிச் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே இரும்பால் ஆன தொடர்பு எதுவும் இல்லை. சிக்னலில் கியரில் இருந்தபடியே பிரேக்கை மிதித்து நிற்கும்போது என்ஜின் அணையாமல் இருப்பது இதனால்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள மூன்றாவது இறக்கைத் தொகுதி, திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றிவிட்டு, புறப்படும் நேரத்தில் என்ஜினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது. கப்பல்களுக்காக 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹெர்மான் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் ஆயிலை நம்பி ஓடுவதால், என்ஜின் சுற்றும் வேகத்துக்கும் கியர்பாக்ஸ் சுற்றும் வேகத்துக்கும் எப்போதும் ஒரு வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஸ்லிப் என்பார்கள். நாம் வழுக்கல் என்று வைத்துக்கொள்வோம். இப்படி வழுக்கி வீணாகும் சக்தி அத்தனையும் அந்த ஆயிலிலேயே சூடாக இறங்குகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிக்கப் 2.7 டன், ட்ரெய்லர் 3.6 டன், மொத்தம் 6.3 டன் என்று கொள்வோம். டேவிஸ் அணை மேட்டின் சராசரிச் சரிவு 5 சதவீதம். அதில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 55 கிலோவாட் வேண்டும். காற்றின் எதிர்ப்பையும் டயர் உருளும் இழப்பையும் சேர்த்தால் 80, 90 கிலோவாட் கன்வெர்ட்டர் வழியாகப் போக வேண்டியிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கினாலும் 8 கிலோவாட்டுக்கு மேல் சூடாகிறது. வீட்டுக் குளியலறையில் இருக்கும் கெய்சர் 2 அல்லது 3 கிலோவாட். அப்படி மூன்று நான்கு கெய்சர்களை ஒன்றாகப் போட்டு, பத்து லிட்டர் சொச்சம் ஆயிலைக் காய்ச்சுவதற்கு இது சமம். கூலரே இல்லை, ஆயிலைச் சுற்றியுள்ள இரும்பும் சூட்டை வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்குள் 50 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் மிதித்தால் வழுக்கல் நூறு சதவீதம். என்ஜின் தருவது முழுவதும் சூடுதான். அப்படிச் சோதிக்கும்போது ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதே என்று ஒர்க்‌ஷாப் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

இந்த வீணடிப்பைப் பொறியாளர்கள் ஆரம்பத்திலேயே கவனித்துவிட்டார்கள். 1949-இல் பாக்கார்ட் கம்பெனி, கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் பிளேட்டை வைத்தது. வண்டி வேகம் பிடித்ததும் அது இரு பக்கத்தையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். வழுக்கலுக்கு வேலையில்லாமல் போய்விடும். இந்த ஏற்பாடு பரவலாக வர, எரிபொருள் நெருக்கடி வர வேண்டியிருந்தது. 1978-இல் கிரைஸ்லர் இதைத் தன் கார்களில் கொண்டுவந்தது, பிறகு எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். லாக்-அப் என்று சொல்லப்படும் இந்தக் கவ்வல்தான் கியர்பாக்ஸ் சூட்டுக்கான திறவுகோல். கவ்வியிருக்கும் வரை பல்சக்கரங்களின் உராய்வு, ஆயில் பம்பின் இழுப்பு என்று சில்லறைச் சூடு மட்டுமே. விட்டுவிட்டால் கெய்சர்கள் எரியத் தொடங்குகின்றன.

எப்போது விடுகிறது? என்ஜின் குறைந்த சுற்றில் மெதுவாகச் சுழலும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால், கம்ப்யூட்டர் கவ்வலை விட்டு, கன்வெர்ட்டரின் விசைப்பெருக்கத்தை உதவிக்குக் கூப்பிடுகிறது. கியர் மாறும்போதும் பல கியர்பாக்ஸ்களில் விட்டுப் பிடிக்கும். மேடும் பள்ளமுமாகப் போகும் சாலையில் மேல் கியரிலேயே ஓட விட்டால், சின்ன ஏற்றம் வந்ததும் கியர் இறங்கும், சமதளம் வந்ததும் ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கவ்வல் அவிழ்ந்து முடிகிறது. உள்ளே உள்ள கிளட்ச் தகடுகளும் தேய்ந்து சூடு சேர்க்கின்றன. ஆகவே ட்ரெய்லர் மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை டோ-ஹால் பட்டனை அழுத்துவது. அது கவ்வலைச் சீக்கிரமே போடும், கியரை அவசரப்பட்டு மேலே தூக்காது, இறக்கத்தில் என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்தக் கியரைக் குறைத்துக் கொடுக்கும். அதற்கும் மேலே, நீண்ட மேடு தொடங்கும் முன்பே ஒரு கியரைக் கையால் குறைத்துப் பிடித்துக்கொண்டால், என்ஜின் 3,500, 4,000 சுற்றில் கூவினாலும் கவ்வல் விடாது. இது புது ஞானம் ஒன்றும் இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்குபவர்களை இரண்டாம் கியரில் போகச் சொல்லி வைத்திருக்கும் பலகைகளும் கியரைத்தான் சொல்கின்றன. அங்கே காப்பாற்றப்படுவது பிரேக், இங்கே கியர்பாக்ஸ்.

இதைச் சொன்னதும் வரும் முதல் ஆட்சேபம்: இவ்வளவு சுற்றில் ஓட்டினால் என்ஜின் கெட்டுப்போகாதா, பெட்ரோல் குடிக்காதா? காதுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்றைய பெட்ரோல் என்ஜின்களுக்கு 4,000 சுற்று என்பது அவை வடிவமைக்கப்பட்ட எல்லைக்கு வெகுவாகக் கீழேதான். குறைந்த சுற்றில் முழு ஆக்சிலரேட்டரோடு திணறவிடுவதுதான் என்ஜினுக்கும் பாரம். இன்னொரு லாபமும் உண்டு. சுற்று கூடும்போது தண்ணீர் பம்ப் வேகமாகச் சுற்றுகிறது, என்ஜினோடு இணைந்த ஃபேன் உள்ள வண்டிகளில் அதுவும் வேகம் பிடிக்கிறது, கியர்பாக்ஸின் சொந்த ஆயில் பம்பும் கூலருக்குக் கூடுதல் ஆயிலைத் தள்ளுகிறது. ஆக, கியரைக் குறைத்தால் சூடு குறைவாகப் பிறக்கிறது, பிறந்ததும் விரைவாக வெளியேறுகிறது. எரிபொருள் கொஞ்சம் கூடலாம்தான். ஆனால் எரிபொருளை உண்மையில் விழுங்குவது வேகம். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும்; மணிக்கு 65 மைலிலிருந்து 55 மைலுக்கு இறங்கினால் அந்தப் பங்கு 40 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். சுவர் மாதிரி முகப்பு உள்ள வீட்டு வண்டியை இழுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு 55 மைல்தான் சட்டப்படி உச்ச வேகம். அதை முணுமுணுத்துக்கொண்டே பின்பற்றுபவரின் கியர்பாக்ஸும் நன்மை அடைகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கூலரைப் பற்றியது. நல்ல பெரிய கூலர் போட்டுவிட்டால் எப்படி ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூலர் அவசியம்; அதில் மாற்றுக் கருத்தில்லை. பல வண்டிகளில் ஆயில் முதலில் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் சிறிய கூலருக்குப் போகிறது, அங்கே சூட்டைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு, முகப்பில் காற்றுபடும்படி வைத்த இரண்டாவது கூலருக்கு வருகிறது. காற்றை விடத் தண்ணீர் சூட்டை வேகமாக வாங்கும் என்பதால் ரேடியேட்டர் கூலரைப் புறக்கணித்துவிட்டு வெறும் காற்றுக் கூலரை மட்டும் வைப்பது பெரும்பாலும் நட்டம்தான். தவிர, கூலரின் பசிக்கும் ஓர் எல்லை உண்டு. மெதுவாக மேடேறும்போது முகப்பில் படும் காற்று குறைவு. கொலராடோவில் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது காற்றே மெலிந்துவிடுகிறது. வழுக்கல் அதிகமாகும் நேரமும் கூலர் களைத்துப்போகும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மறுபுறம், குளிர் மாநிலங்களில் அளவுக்கு மீறிப் பெரிய கூலர் இன்னொரு தொல்லையைத் தரும்: ஆயில் ஓரளவு சூடாகும் வரை பல வண்டிகளின் கம்ப்யூட்டர் லாக்-அப்பையே அனுமதிக்காது. அதிகம் குளிர வைத்து வழுக்கலை நீட்டிப்பதில் என்ன பயன்?

அடுத்தது எண்களின் குழப்பம். அமெரிக்கக் கியர்பாக்ஸ் கடைகளின் சுவரில் பல காலமாகத் தொங்கும் ஒரு அட்டவணை உண்டு. 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஆயில் ஒரு லட்சம் மைல் உழைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும், 240-இல் வார்னிஷ் படியும், 260-இல் ஆயில் சீல்கள் இறுகும், 295-இல் கிளட்ச் தகடுகள் வழுக்கும் என்று போகும் அது. வேதியியல் அடிப்படை சரிதான். சூடு கூடக் கூட ஆயில் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும். ஆனால் அந்த எண்கள் பழைய கனிம ஆயில்களின் காலத்தைச் சேர்ந்தவை. 2005 வாக்கில் டெக்ஸ்ரான்-6 என்ற கியர்பாக்ஸ் ஆயில் வந்த பிறகு அடிப்படை ஆயிலே மாறிவிட்டது. அதோடு, எரிபொருள் சிக்கன விதிகளுக்காகக் கம்பெனிகளே கியர்பாக்ஸை வேண்டுமென்று சூடாக ஓட்டுகின்றன: சூடான ஆயில் மெலிசாக இருக்கும், பம்புக்கு இழுப்பு குறையும். 190, 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூலருக்கு ஆயிலையே விடாத வால்வுகள் பல புது வண்டிகளில் இருக்கின்றன. ஆகவே ட்ரெய்லர் இல்லாமலே 200 டிகிரி, அதாவது 93 செல்சியஸ், காட்டினால் பதற வேண்டியதில்லை. மேட்டில் 220 போவதும் சகஜம். 240-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கியரைப் பார்க்க வேண்டும். 260-ஐ நெருங்கினால் ஒதுங்க இடம் தேட வேண்டும். சரியான எல்லை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதே கணக்கு.

எண்ணை விட முக்கியம், அது எங்கே அளக்கப்படுகிறது, எந்தத் திசையில் போகிறது என்பது. டேஷ்போர்டில் தெரிவது பெரும்பாலும் ஆயில் தொட்டியின் சூடு. கன்வெர்ட்டரை விட்டு வெளியே வரும் குழாயில் அந்த நேரம் அதை விட மிக அதிகமாக இருக்கலாம். கூலருக்குப் போய்த் திரும்பி, தொட்டியில் உள்ள மற்ற ஆயிலோடு கலந்த பிறகுதான் முள் அசைகிறது. ஆகவே முள் காட்டுவது கொஞ்சம் பழைய செய்தி. ஒரே மேட்டில், ஒரே கியரில், சூடு 215-இல் வந்து நின்றுவிட்டால் பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகிவிட்டன என்று அர்த்தம். எண் பெரிதானாலும் கவலை இல்லை. 205-இலிருந்து நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் எண் சிறிதானாலும் கவனிக்க வேண்டியது அதுதான். இது நெடுஞ்சாலையை விட மோசமாகத் தெரிவது முகாம் இடங்களில். வீட்டு வண்டியை மேட்டுச் சரிவில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கிறார்கள். கொஞ்சம் மிதி, நிறுத்து, இறங்கிப் பார், மறுபடி மிதி. வேகம் நடையை விடக் குறைவு, லாக்-அப் என்ற பேச்சுக்கே இடமில்லை, முகப்பில் காற்றும் இல்லை. மலை முழுக்க ஏறியபோது அமைதியாக இருந்த முள், கடைசி ஐம்பது அடியில் எகிறும். இங்கே நான்கு சக்கர ஓட்டத்தின் லோ ரேஞ்ச் இருந்தால் அதைப் போடுவது நல்ல உபாயம். கூடுதல் கியர் விகிதம் சுமையைக் குறைப்பதால் கன்வெர்ட்டர் அவ்வளவு வழுக்காது. காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கைக் கூர்மையாகத் திருப்பினால் மட்டும் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். மண்தரையில் அந்தப் பிரச்சினை இல்லை.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, பத்து கியர் இருக்கிறதே, ஓட்டுநர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்பது இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய பத்து கியர் பெட்டியும், ராம் 1500-இல் வரும் எட்டு கியர் பெட்டியும் பழைய நான்கு கியர் பெட்டிகளை விட எவ்வளவோ மேல். அவை தாழ்ந்த கியர்களிலேயே கவ்விக்கொள்ளும், சூடு ஏறினால் தானாகவே உத்தியை மாற்றும். டோ-ஹாலில் போட்டுவிட்டு நிதானமாக ஓட்டும் பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது நடந்து முடிந்ததுதான். அடுத்த வளைவுக்குப் பின்னால் எட்டு கிலோமீட்டர் மேடு இருப்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். முன்கூட்டியே கியரைக் குறைக்க அவரால்தான் முடியும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிப்பது, எந்த வேகத்தில் ஏறுவது என்பதையும் கம்ப்யூட்டர் முடிவு செய்வதில்லை. பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று கூச்சப்பட்டு மிதிப்பவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

எல்லாம் மீறிச் சூடு ஏறிவிட்டால், ஓரமாக நிறுத்தியதும் சாவியைத் திருப்பி என்ஜினை அணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. என்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும். கொதிக்கும் ஆயில் கன்வெர்ட்டருக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும். கியரை நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, என்ஜினை ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் சில நிமிடம் ஓடவிட வேண்டும். பாரம் இல்லாததால் புதிய சூடு பிறக்காது, ஆயில் மட்டும் கூலருக்குப் போய் வந்துகொண்டிருக்கும். என்ஜினே கொதித்து, தண்ணீர் கக்கினால் கதை வேறு. பார்க்கில் போடாமல் நியூட்ரல் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: கிரைஸ்லர் வம்சத்துப் பழைய டாட்ஜ் பிக்கப்களில் பார்க் நிலையில் கூலருக்கு ஆயிலே போகாது. அந்த வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. ஒருமுறை நன்றாகச் சூடேறிய பிறகு, கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் குறுகிய இடைவெளியில் ஆயிலை மாற்றுவது நல்லது. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்ற விளம்பரம் ட்ரெய்லர் இழுக்காதவர்களுக்கானது. பழைய ஆயில் கருகிய வாசனையோடு வந்தால் தகடுகள் தேயத் தொடங்கிவிட்டன. இளஞ்சிவப்பு மில்க்‌ஷேக் மாதிரி வந்தால் அது சூட்டின் வேலை இல்லை: ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, தண்ணீரும் கூலண்டும் ஆயிலில் கலந்துவிட்டன. கூலண்டில் இருக்கும் கிளைகால், தகடுகளின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். அந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவதில் பயனில்லை. ரேடியேட்டரை மாற்ற வேண்டும், கியர்பாக்ஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.